ஆறு டிகிரியை ஒன்பது என்று சொன்ன பெட்டி

என் மல்லிகாக்கா,

நீ போய் மூன்று மாதமாகிறது. உன் போனுக்கு இன்னும் நான்தான் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். "சிஸ்டர், ஊசி என்னைக்கு?" என்று மலையிலிருந்து யாராவது கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அவர்களிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதை முதலில் உன்னிடம் சொல்கிறேன். அந்த மழை வாரத்தில் நடந்த தப்பு உன்னுடையதில்லை. என்னுடையது.

மலை மேல் இருக்கும் உன் ஆஸ்பத்திரியில் தடுப்பூசி மருந்து வைக்கும் ஃபிரிட்ஜுக்கு டிஜிட்டல் தெர்மாமீட்டர் செய்து கொடுத்தவள் நான்தானே. உள்ளே இருக்கும் கண்ணாடி தெர்மாமீட்டரைப் பார்க்க ஒவ்வொரு தரமும் கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது என்று நீ அலுத்துக்கொண்டாய். செங்கத்தில் இன்வெர்ட்டர் பழுதுபார்க்கும் என் கடை மேசையிலேயே செய்தேன். சின்ன சோலார் பலகை, ஒரு பேட்டரி, ஒரு மைக்ரோகண்ட்ரோலர், ஒரு சென்சார். அவ்வளவுதான்.

அந்த வாரம் மூன்று நாள் வெயிலே இல்லை. புதன்கிழமை காலை போன் செய்தாய்.

"கண்ணாடி ஆறு காட்டுதுடி. உன் பொட்டி ஒன்பதுன்னுது. எட்டைத் தாண்டினா மருந்தைப் போடக்கூடாது. எதைத்தான் நம்புறது?"

"கண்ணாடி பழசுக்கா. என்னுதை நம்பு."

ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னேன். நீ நம்பினாய். நெல்லிவாசல்நாட்டிலிருந்து நனைந்துகொண்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாய். "இன்னா சிஸ்டர், புள்ளைய தூக்கினு இம்மாந்தூரம் வந்தோம், வூட்டுக்குப் போன்னு சொல்றீங்களே!" என்று ஒருத்தி கத்தினாளாம். என்னைக் காட்டிக்கொடுக்காமல் அத்தனை பேச்சையும் நீயே வாங்கிக்கொண்டாய்.

வெயில் வந்ததும் பெட்டியும் ஆறு காட்டியது. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை; மழையில் ஃபிரிட்ஜ்தான் சூடாகியிருந்தது என்று நினைத்துக்கொண்டேன். நீ அந்த மருந்தை ஒதுக்கிவிட்டு, புது மருந்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தாய். ரஞ்சித் என்ற ஒரு குழந்தை மட்டும் கிடைக்கவில்லை. அப்பா அம்மா வேலைக்கு வெளியூர் போகும்போது தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மார்கழியில் நெஞ்சுவலியோடு உன்னை மலையிலிருந்து ஜீப்பில் இறக்கி வரும்போதுகூட அவன் பேரைச் சொன்னாய்.

உன் காரியம் முடிந்த பிறகு பெட்டியைக் கொண்டுவந்து பிரித்தேன். சென்சார் தரும் வோல்டேஜை அந்த மைக்ரோகண்ட்ரோலர் சில்லு தனக்கு வரும் மின்சாரத்தோடு ஒப்பிட்டுத்தான் எண்ணாக்குகிறது. அது எப்போதும் ஐந்து வோல்ட் என்று நான் எழுதிவைத்திருந்தேன். மழையில் பேட்டரி இறங்கி நாலே முக்கால் ஆகியிருக்கிறது. முழக்கோல் சுருங்கினால் துணி நீளமாகத் தெரியும், இல்லையா? மேசையில் சென்சாரை ஆறு டிகிரி குளிர்நீரில் வைத்து மின்சாரத்தைக் கொஞ்சம் குறைத்தேன். என் கண் முன்னாலேயே ஆறு ஒன்பதானது.

இப்போது திருத்திவிட்டேன். பேட்டரி இறங்கினாலும் மாறாத சின்ன வோல்டேஜ் ஒன்று சில்லுக்குள்ளேயே இருக்கிறது. அதோடு ஒப்பிடச் சொல்லியிருக்கிறேன். அதுவும் சில்லுக்குச் சில்லு வேறுபடும் என்பதால் மல்டிமீட்டரால் அளந்து, வந்த எண்ணையே புரோகிராமில் எழுதினேன். ஒரு தரம் படித்துச் சொல்லாமல் அறுபத்து நான்கு தரம் படித்துச் சராசரி சொல்கிறது. நொறுக்கிய ஐஸில் வைத்தால் பூஜ்யம். மின்சாரத்தைக் குறைத்தாலும் பூஜ்யம்.

உன் இடத்துக்கு வந்திருக்கும் புது சிஸ்டரிடம் கொடுத்தேன். "கண்ணாடியையும் உள்ளயே வெச்சிருப்பேங்க. ரெண்டும் ஒத்துப்போகலன்னா உங்களைத்தான் கூப்பிடுவேன்" என்றாள். அன்றைக்கு நீ என்னைக் கூப்பிட்டதும் அதற்குத்தானே?

ரஞ்சித் தை மாதம் ஊருக்கு வந்துவிட்டான். ஊசி போட்டாயிற்று. நன்றாக அழுதானாம்.

ஒன்று மட்டும் தெரியவில்லை. உன் மனசு கண்ணாடியைத்தான் நம்பியதா? தங்கச்சி முகம் வாடக்கூடாதென்றா என் எண்ணை எடுத்துக்கொண்டாய்?

வரும் புதன்கிழமை மேலே போகிறேன். ஊசிக்கு வந்தவர்கள் முன்னால் நின்று, "அன்னைக்கு உங்களைத் திருப்பி அனுப்ப வெச்சது நாந்தாங்க, சிஸ்டர் மேல தப்பில்லீங்க" என்று சொல்வேன். திட்டினால், திட்டி முடிக்கும்வரை நிற்பேன்.

உன் மேல் விழுந்த பேச்சுக்கு உரியவளான
உன் தங்கச்சி,
கீதா