நீங்கள் வீட்டைவிட்டுப் போன நாள்

அக்கா,

நூலகத்திலிருந்து இன்று எடுத்துவந்த நாவலைப் பிரித்ததும் பெருங்காயம் மணத்தது. அம்பாசமுத்திரத்தில் அடுப்படியில் வைத்துக் கதை படிக்க உங்களைத் தவிர வேறு யார் இருந்தார்கள்? நீங்கள் இறந்து ஒரு வருஷமாகப் போகிறது. பக்கத்தை மூக்கருகில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

இந்த வீட்டுக்கு நான் இளைய மருமகளாக வந்தபோது, மூத்தவளாக நீங்கள் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. தெருவில் எல்லா வீட்டிலும் ஆண்டெனா முளைத்த பிறகும் நீங்கள் புத்தகத்தை விடவில்லை. மத்தியானம் ஆண்கள் சாப்பிட்டுப் படுத்ததும் எனக்கு வாசித்துக் காட்டுவீர்கள். காதலித்தவனை விட்டு ஊர் சொன்னவனைக் கட்டியவள், கட்டியவனிடம் அடிபட்டவள் என்று எல்லாம் அதே கதைதான். கடைசியில் அவள் பெட்டியோடு படியிறங்குவாள். புத்தகம் முடிந்துவிடும்.

"எறங்கிட்டா, சரி. அன்னைக்கி ராத்திரி எங்கன படுத்தாளாம்? அத எழுதக் காணுமே பிள்ள" என்பீர்கள்.

உங்கள் வீட்டுக்காரர், பெரிய அத்தான், கெட்டவர் என்று சொல்ல முடியாது. உங்களோடு பேசமாட்டார், அவ்வளவுதான். தண்ணீர் வேண்டுமென்றால் செம்பை நகர்த்தி வைப்பார். வெளியே கிளம்புவதை அவருடைய செருப்புச் சத்தம்தான் சொல்லும். என் வீட்டுக்காரர் திட்டவாவது செய்வார். அதற்குக்கூட நீங்கள் ஏங்கினீர்கள்.

ஒரு மாசி மாதம், அண்ணனைப் பார்த்து வருவதாகச் சொல்லிக் களக்காட்டுக்குப் பஸ் ஏறினீர்கள். பை நிறையச் சேலைகள் இருந்ததை நான் மட்டும் பார்த்தேன். இனி வரமாட்டீர்கள் என்று புரிந்துபோனது. அன்று முழுக்க எனக்குக் கை ஓடவில்லை. மறுநாள் மத்தியானம் ஒரு சீப்பு ஏத்தன்பழத்தோடு வாசலில் நின்றீர்கள்.

ஆற்றில் துணி அலசும்போதுதான் நடந்ததைச் சொன்னீர்கள். அண்ணன் கேட்டாராம்:

"மாப்பிள அடிக்காரா?"

"இல்ல."

"குடிக்காரா?"

"இல்ல."

"வேற எவளையும் வச்சிருக்காரா?"

"அதெல்லாம் இல்லண்ணே."

"பொறவு என்னதாம்ட்டி செய்யுதாரு?"

"ஒண்ணுஞ் செய்யல. எங்கிட்ட பேச மாட்டேங்காரு."

அண்ணனும் மதினியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்களாம். காலையில் இட்லி அவித்துக் கொடுத்து, பழமும் வாங்கிக் கொடுத்து, அண்ணனே பஸ் ஏற்றிவிட்டார்.

"கதையில வாரவன்லாம் கெட்டவனா இருக்கான் பிள்ள. அதான் அவளுவளுக்கு வழி இருக்கு" என்று சேலையைப் பிழிந்தபடி நீங்களும் சிரித்தீர்கள்.

நீங்கள் விட்டுப் போனதும் திரும்பி வந்ததும் இந்த வீட்டில் வேறு ஒருவருக்கும் தெரியாது. அத்தான் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பழத்தில் இரண்டை உரித்துத் தின்றார்.

காய்ச்சலில் நீங்கள் போய்ச் சேர்ந்து, காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் ஊர் திரும்பிய பிறகு ஒருநாள் அவர் அடுப்படி வாசலுக்கு வந்தார். அங்கே அவர் வந்து நான் பார்த்ததில்லை.

"ஏம்மா, உங்க அக்கா அப்படி என்னத்த வாசிப்பா?"

"கதை, அத்தான்."

"என்ன கதை?"

குழம்பைக் கிண்டுவதுபோல் திரும்பிக்கொண்டேன். அவர் பைய நடந்து போனார்.

இப்போது அவருக்குச் சோறு போடுவது நான்தான். குனிந்து பரிமாறும்போதெல்லாம் தொண்டைவரை வருகிறது: 'அத்தான், அக்கா ஒருநா ஒங்கள விட்டுட்டுப் போனாவ.' இன்றைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். சொன்னால் அவர் பேசத் தொடங்கிவிடுவார். உங்களுக்கு வரவேண்டிய பேச்சை நான் எப்படி அக்கா நின்று கேட்பேன்?