ஜீப் தாத்தா அனுப்பவிருந்த பம்பர்

பாளையங்கோட்டை
வியாழக்கிழமை காலை

சௌபாக்கியவதி மகள் சித்ரலேகாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் காந்திமதி அம்மை புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், அங்கே பெர்த்தில் நீயும் மாப்பிள்ளை பாலுவும் குட்டி பிருந்தாவும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறோம். இங்கே ஐப்பசி மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது, ஆற்றில் வெள்ளம் வந்து குறுக்குத்துறையில் படிகள் முங்கிவிட்டன, ஈரத்தில் அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, தைலம் தேய்த்தால் குறைகிறது, தேய்த்துவிடுவது நான்தான். போன் இருக்கும்போது அப்பா எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, சரிப்பா சரிப்பா, அம்மாகிட்ட குடுங்க என்று இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் அம்மாவிடம் கொடுக்க முடியாது பார். அவள் இந்தப் பக்கங்களைப் படம் பிடித்து இன்றைக்கே உனக்கு அனுப்பிவிடுவாள், ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ முழுதும் வாசித்துவிட வேண்டும்.

நேராகவே சொல்லிவிடுகிறேன், எனக்கு உன் மாமனார் மேல் பொறாமை. இந்த வயதில் இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பொறாமைதான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நீ ஆழ்வார்குறிச்சிக்குப் போன் போட்டு உன் மாமாவிடம் ஒரு மணி நேரம் பேசுகிறாய், டயர் என்கிறாய், டீசல் என்கிறாய், மணலில் எப்படி ஓட்டுவது என்கிறாய். அவர் ஜீப் வைத்திருக்கிறார், மலையடிவாரத்தில் தோப்பு வைத்திருக்கிறார், சரி. நான் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஸ்கூட்டர்காரன். ஆனால் உனக்கு முதன்முதலில் வண்டி பழக்கியது யார்? வ.உ.சி. மைதானத்துக்கு வெளியே உன் ஸ்கூட்டர் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடி வந்தது உன் மாமனார் சிவசைலமா? நீ அந்தப் பெரிய வண்டி வாங்கிய படத்தை நான் எங்கே வைத்துப் பார்த்தேன் தெரியுமா, அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கும்போது. உன் மாமா எதிர் வரிசையில் உட்கார்ந்து, எம் மருமக வாங்கியிருக்கா பாருங்க என்று இலைக்கு மேலே போனை நீட்டி நீட்டி எல்லோருக்கும் காட்டினார், எனக்கும் காட்டினார், நானும் இப்போதுதான் முதல்முறை பார்க்கிறேன் என்பதைக் காட்டிக்கொள்ளாமல் ஆமாமா என்றேன். எனக்கு அந்தப் படம் மறுநாள் காலையில் வந்தது. பிருந்தா வேறு அவரை ஜீப் தாத்தா என்கிறாள், என்னை இன்னொரு தாத்தா என்கிறாள். குழந்தைக்கு என்ன தெரியும், நான் குழந்தையைச் சொல்லவில்லை.

பிறகு இந்தப் பம்பர் விவகாரம் வந்தது. அங்கே காட்டு ரோட்டில் கங்காரு குறுக்கே பாயும், முன்னால் இரும்பில் ஏதாவது மாட்ட வேண்டும் என்று நீ சொல்லப்போக, கடையில் எதுக்கும்மா வாங்குதே, நானே அடிச்சு அனுப்புதேன் என்று உன் மாமா கிளம்பிவிட்டார். தன் ஜீப்புக்குப் பம்பர் அடித்துக் கொடுத்த அதே பட்டறையில், நீ அனுப்பிய அளவை வைத்து உனக்கும் ஒன்று அடிக்கச் சொன்னார். கனத்த குழாய், கறுப்புப் பெயிண்டு, நட்டநடுவில் பிருந்தா என்று இரும்பில் எழுத்து வெட்டி ஒட்டவைத்திருக்கிறார். இந்த உலகத்தில் யாராவது திருநெல்வேலியில் பம்பர் அடித்து, மரப்பெட்டியில் போட்டு, தூத்துக்குடியில் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புவார்களா? நம் ஆட்கள் அனுப்புவார்கள். இட்லி அரைக்கும் கிரைண்டரையே அப்படித்தானே அனுப்புகிறோம். அந்தப் பெட்டியில், அண்ணாச்சி உங்க சாமான் எதுவும் இருந்தா குடுங்க, ஓரமா கொஞ்சம் இடம் கெடக்கு என்றார். ஓரமாக. நான் உடன்குடிக்குப் போய் வாங்கி வந்த கருப்பட்டிக்கு அவர் பம்பரின் ஓரத்தில் இடம். கொடுத்துவிட்டு வந்து அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்லிக்காட்டுகிறாள்.

இனிமேல் எழுதுவதைப் பதறாமல் வாசி. உன் மாமா இப்போது எழுந்து நடமாடுகிறார், நன்றாக இருக்கிறார், அதை முதலில் மனதில் வைத்துக்கொள். இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம் கடையத்திலிருந்து தனியாக ஜீப்பில் வரும்போது காட்டுப்பன்றி ஒன்று குறுக்கே வந்திருக்கிறது. அவர் வண்டியைச் சட்டென்று ஒடித்துத் திருப்ப, அது ஓடைப் பாலத்துச் சுவரில் நேராகப் போய் முட்டிவிட்டது. பெல்ட் போட்டிருந்தார், அதனால் பிழைத்தார், ஆனால் நெஞ்சு ஸ்டீயரிங்கில் மோதி விலா எலும்பு விண்டுவிட்டது. ஏர்பேக் விரியவே இல்லை. பிள்ளைகளுக்குச் சொல்லவே கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சத்தியம் வாங்கிவிட்டார், உன் அத்தை பொறுக்கமாட்டாமல் அம்மாவிடம் அழுததில்தான் எங்களுக்கே தெரிந்தது. சளி, பேச முடியலை என்று போன ஞாயிறு உன்னிடம் சீக்கிரம் போனை வைத்தாரே, அது சளி இல்லை, மூச்சு இழுத்தால் வலி. அன்றைக்கு நீ மிச்ச நேரத்தில் என்னோடு கால் மணி நேரம் பேசினாய். காரணம் தெரிந்தும் எனக்கு சந்தோஷமாக இருந்தது, என்ன செய்ய.

திங்கட்கிழமை நானும் அம்மாவும் பார்க்கப் போனோம். போகும்போது பஸ்ஸில் என் மனம் போன போக்கை அப்படியே எழுதினால் நீ என்னோடு பேசமாட்டாய், அதனால் விட்டுவிடுகிறேன். அவரைத் தலையணை அணைத்து உட்கார்ந்திருந்த கோலத்தில் பார்த்ததும் அந்த நினைப்பெல்லாம் வற்றிப்போயிற்று. இருமல் வந்தால் கண்ணில் நீர் வருகிறது மனிதருக்கு. ஆனால் வாய் குறையவில்லை. என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வாசலில் நின்ற ஜீப்பைக் காட்டி, பாத்தியளா அண்ணாச்சி, பம்பர்ல ஒரு நெளிசல் இல்லை என்று பெருமைப்பட்டார். அந்த நேரம் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து சேதம் பார்க்கும் பெண் வந்தாள், டார்லின் என்று பெயர், கூடங்குளத்துப் பக்கம். குனிந்து நிமிர்ந்து எல்லாவற்றையும் படம் பிடித்துவிட்டு, பம்பருக்கு ஒண்ணும் ஆகலைங்கறதுதான் சார் தப்பு, அது வாங்க வேண்டிய அடியைத்தான் நீங்க வாங்கியிருக்கீங்க என்றாள். வண்டியின் மூக்கு முட்டினால் மெதுவாக நசுங்குகிற மாதிரிதான் கம்பெனியில் செய்கிறார்களாம், அப்படி நசுங்கினால்தான் உள்ளே இருப்பவருக்கு அடி குறையுமாம். அதற்கு முன்னால் இப்படி இரும்பை வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்த்துப் பற்றவைத்தால் அடி அப்படியே உள்ளே வருமாம், ஏர்பேக்குக்குத் தகவல் சொல்கிற சென்சாரும் குழம்பிப்போகலாமாம். இவர் வண்டியில் அதனால்தான் விரியவில்லையா என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும் என்றாள், வாயில் வந்ததைச் சொல்கிற பெண் இல்லை. பிறகு, இதை மாட்டினதைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்டாள். அதெல்லாம் எழுதிக் குடுக்கணுமா என்றார் உன் மாமா. இங்கே அரசாங்கம் இந்த முன்கம்பியையே மாட்டக்கூடாது என்று சொல்லி வருஷக்கணக்காகிறது, அதுவும் அவள் எழுதிக்கொண்டாள். கிளெய்ம் கிடைக்குமோ கிடைக்காதோ இன்னும் முடிவு வரவில்லை. கிளெய்ம் போகட்டும், ரோட்டில் நடந்துபோகிறவர்மேல் அந்தக் குழாய் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் கேட்டது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது.

அவள் போன பிறகு நான் கேட்டேன், அப்போ லேகாவுக்கு அடித்த பம்பர் என்ன ஆகும் என்று. அது எப்பவும்போல போகும் என்றார். சனிக்கிழமை தூத்துக்குடியில் ஏஜெண்டு ஹாஜாவிடம் பெட்டியை ஒப்படைக்க வேண்டும், அங்கே பன்றி இல்லை, பாலம் இல்லை, ரோடெல்லாம் அகலம், கங்காருதானே என்கிறார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அனுப்பக்கூடாது என்றேன். நீங்க சொல்லக்கூடாது என்றார். உன் அம்மாவும் உன் அத்தையும் அடுக்களையிலிருந்து வந்து நின்றுவிட்டார்கள். அதுவரை அண்ணாச்சி அண்ணாச்சி என்றிருந்தவர், "உமக்குப் பொறாமை வே, அம்பாசமுத்திரம் கல்யாணத்துலேருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றார்.

நான் மறுக்கவில்லை. "பொறாமைதான் வே, யாரு இல்லைன்னா? ஆனா அந்த வண்டியில பின்னால உக்காந்து வரப்போறது பிருந்தா" என்றேன். அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு ஜீப்பிடம் போய், பம்பரைப் பற்றவைத்த இடத்தைத் தடவிப் பார்த்தார். உன் அத்தை காப்பி கொண்டுவந்து வைத்தாள், ஆடை படிகிற வரைக்கும் யாரும் எடுக்கவில்லை. பிறகு அவரே பைய ஆரம்பித்தார், பெட்டியிலிருந்து எடுத்துருதேன் என்றார். ஆனால் அதை லேகாவிடம் நான்தான் சொல்வேன், எனக்கு அடிபட்டது அவளுக்குத் தெரிய வேண்டாம், கப்பலில் எடை கூடுதுன்னு சொல்லிக்கிடுதேன் என்றார். கடைசியில், நான் வேண்டாம்னு சொன்னாத்தான் அவ கேப்பா அண்ணாச்சி, நீங்க சொன்னா கேக்கமாட்டா என்றார். அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. சரி, நீங்களே சொல்லுங்க என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தால் தூக்கம் பிடிக்கவில்லை. எடை கூடுது என்று மட்டும் சொன்னால் நீ என்ன செய்வாய், சரி மாமா என்று சொல்லிவிட்டு அங்கேயே ஒரு பட்டறையில் இதே மாதிரி ஒன்று அடிக்கச் சொல்லுவாய். அதனால்தான் கொடுத்த வாக்கை மீறி எல்லாவற்றையும் எழுதுகிறேன், மாப்பிள்ளையிடமும் பக்குவமாகச் சொல்லு. உங்கள் ஊரில் இதை மாட்டுவது வழக்கம்தான், தடை இல்லை என்று டார்லினே சொன்னாள், அவள் கிளம்பும்போது தெருவரை கூடப்போய் விசாரித்தேன். ஆனால் உன் வண்டி மாடலுக்கென்றே சோதித்துச் செய்ததாக இருக்க வேண்டும், ஏர்பேக்குக்கு இடைஞ்சல் இல்லை என்று செய்தவர்கள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தெரிந்த இடத்தில் மாட்டி அந்த ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும், மாட்டுவதற்கு முன்னாலேயே இன்சூரன்ஸ்காரர்களுக்கு எழுதி பதில் வாங்கிவிட வேண்டும். முன்பக்கம் கனம் கூடினால் பிரேக் பிடித்தாலும் வண்டி சற்றுத் தள்ளித்தான் நிற்கும், அதையும் ஞாபகம் வைத்துக்கொள். இல்லாவிட்டால் எதுவும் மாட்டாதே, பொழுது சாய்ந்தபிறகு காட்டு ரோட்டில் போகாதே, கங்காரு அந்த நேரத்தில்தான் வரும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அப்பா பொறாமையில் சொல்கிறார் என்று தள்ளிவிடாதே. பொறாமை எனக்கு இருக்கிறது, அது என்னோடு இருக்கட்டும், நான் சொன்னதை மட்டும் நீ எடுத்துக்கொள்.

நேற்று, ஆள்விட்டுப் பெட்டியைப் பிரித்துப் பம்பரை இறக்கிவிட்டதாக அவரே போன் செய்தார். பிருந்தா என்ற எழுத்தை மட்டும் பட்டறையில் அறுத்தெடுத்து, விளிம்பெல்லாம் அரத்தால் ராவி, துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறாராம், குழந்தையின் அறை வாசலில் மாட்டச் சொல்லு என்றார். அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, மாட்டு. பம்பர் இருந்த இடம் இப்போது காலியாகக் கிடக்கிறது. அதில் நாங்கள் கிரைண்டரும், பத்தமடைப் பாயும், இடியாப்ப நாழியும், அம்மா போட்ட கூழ்வற்றலும், கருப்பட்டி இன்னொரு ஓலைப்பெட்டியும் வைக்கிறோம், உணவுச் சாமானை எல்லாம் முறைப்படி எழுதிக்காட்டித்தான் ஹாஜா ஏற்றுவார். இந்தக் கடிதமும் அதிலேயே வரும். இப்போது உன் மாமாவின் சாமான்தான் ஓரமாக இருக்கிறது என்பதைச் சும்மா ஒரு தகவலுக்காக எழுதுகிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், போன வண்டி போனபடி பத்திரமாக வீடு திரும்பி, குழந்தை கண்ணுக்கு நிறைவாக வளர்ந்து, நல்லபடியாக வாழ நெல்லையப்பர் துணை நிற்கட்டும். அம்மா திருநீறு மடித்து வைத்திருக்கிறாள், வந்ததும் மூவரும் பூசிக்கொள்ளுங்கள். மறக்கவேண்டாம், ஞாயிற்றுக்கிழமை உன் மாமா போனில் பம்பர் வேண்டாம்மா என்பார். உனக்கு எதுவும் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. அவரை ஒரு மணி நேரம் பேசவிடு, நெஞ்சு வலிக்காமல் மெதுவாகப் பேசட்டும். சரி மாமா, நீங்க சொன்னா சரிதான் என்று சொல்லு, அவர் சொல்லித்தான் நீ கேட்டதாக இருக்கட்டும். அதற்கு முன்னால் சனிக்கிழமையே எனக்கு ஒரு போன் போட்டு, அம்மாவிடம் கொடுக்கச் சொல்லாமல், சரிப்பா என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஐயம்பெருமாள்