வலப்பக்கம் திரும்பினால்

நவம்பர் 12, செவ்வாய்

மழை. விடியுமுன் தொடங்கியது, இன்னும் விடவில்லை.

படுக்கையில் வலப்பக்கம் திரும்பினேன். அறை சுழன்றது. அலுமாரி, யன்னல், செல்வியின் வெறுங்கட்டில், மறுபடி அலுமாரி. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். மூடினாலும் சுழன்றது. அரை நிமிடம் இருக்கும். பிறகு ஒன்றுமே நடக்காதது போல நின்றது. நேற்றுப் பின்னேரம் முதல் இது நான்காவது.

கந்தோருக்கு லீவு. மொழிபெயர்க்கக் கிடக்கும் சுற்றறிக்கைகள் கிடக்கட்டும்.

செல்வியைப் பிடித்துவிட்டார்கள். தீபாவளிக்குத் தெல்தெனியவுக்கு அப்பால் தோட்டத்துக்குப் போனவள். நேற்றுக் காலை பஸ்ஸில் திரும்பி நேரே பல்லேகலவுக்கு, தையல் தொழிற்சாலைக்கு, போக வேண்டியவள். வழியில் சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கியிருக்கிறார்கள். அடையாள அட்டை இல்லாத தமிழர் மூன்று பேர். இரண்டு பேரை ஏசிவிட்டு அனுப்பிவிட்டார்கள். அவளை அனுப்பவில்லை. கூட வந்த தொழிற்சாலைப் பெண் ஒருத்தி நேற்று மூன்று மணிபோல வந்து சொன்னாள்.

"வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா விட்டிருப்பாங்கக்கா. இவதான், எம் பேரு போர்டிங் லிஸ்ட்ல இருக்கு, பொலிஸ்ல போயிப் பாத்துக்கங்கன்னா."

போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

அந்தப் பெண் போன பிறகு மெத்தைக்கு அடியில், பொலிசுக்குக் கொடுத்த படிவத்தின் பிரதியைத் தேடக் குனிந்தேன். அதுதான் முதல் சுழற்சி.

பரீதா ராத்தா கதவடியில். வீட்டுக்காரி. நாங்கள் இருவரும் அவருடைய பின்னறையில் இரண்டு வருடமாக. "எழும்புங்க புள்ள, ரெண்டு பேருமாப் பொலிசுக்குப் போவம். நீங்கதானே சிங்களத்துல எழுதின. நீங்க வந்தா எடுத்துச் சொல்லேலும்."

எழுந்தேன். சுழன்றது. உண்மையாகவே சுழன்றது. இதை இங்கே எழுதிவைக்க வேண்டும்.

ராத்தா குடையோடு தனியாகப் போனார்.

பின்னேரம் திரும்பி வந்து, நனைந்த சேலையோடு என் கட்டிலில் உட்கார்ந்தார். "செல்விட பேர் அதுல இல்லியாம். எனக்கு வாசிக்க ஏலாதே, அந்தப் பொலிஸ் மஹத்தயா விரல வெச்சுக் காட்டின. ஒரே ஒரு பேர்தான் ஈக்கு. நான்தான் ஒங்களுக்குச் சொல்ல மறந்தீப்பேன் புள்ள. வயசு போகுது."

"தெரியேல்லை ராத்தா" என்றேன்.

நவம்பர் 13, புதன்

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

வீட்டில் தங்கியிருப்போர் விபரம், ஒவ்வொரு வீட்டுக்காரரும் பொலிசுக்குக் கொடுக்க வேண்டியது. செப்டெம்பரில் நான் நிரப்பியது. பெயர், அடையாள அட்டை இலக்கம், பிறந்த இடம், தங்கும் காரணம். என் வரியில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். எழுதும்போதே கை கூசியது. அடுத்தது செ.யின் வரி. அவளுக்கு அட்டை இன்னும் வரவில்லை. பிறப்புப் பதிவில்லாமல் அட்டை இல்லை, தோட்டத்தில் அந்தப் பதிவை எடுப்பது பெரும்பாடு. ஆகவே இலக்கத்துக்கு நேரே வெறும் கோடுதான் போட வேண்டும். ஒரே தாளில் ஒரு யாழ்ப்பாணமும் ஒரு வெறும் கோடும். வீட்டைப் பார்க்க வருவார்கள். வந்தால் முதலில் என்னைத்தான். அட்டை வரட்டும், அடுத்த மாதம் சேர்ப்போம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதும் சரியில்லை. அவள் வரியை எழுதாமலே தாளை மடித்தேன், அவ்வளவுதான். ராத்தா கையெழுத்திட்டார்.

அன்று சோறு தின்னும்போது செ. கேட்டாள்: "எம் பேரும் போட்டாச்சாக்கா?"

"ஓம்."

அந்த ஓம் இல்லாவிட்டால் சாவடியில் அவள் அப்படி நிமிர்ந்து நின்று சொல்லியிருக்கமாட்டாள். மற்ற இரண்டு பேரைப் போல அழுதிருப்பாள். விட்டிருப்பார்கள். இப்போது அவள் பொய் சொன்னவள். அட்டை இல்லாத, பொய் சொன்ன தமிழ்ப் பெண்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பொலிசுக்குப் போக முடியாதவள் இரண்டு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டொக்டரிடம் சொல்ல எழுதிக்கொண்டு போனது:
– வலப்பக்கம் திரும்பினால். மேலே பார்த்தால். குனிந்தால்.
– அரை நிமிடம்.
– குமட்டல் உண்டு, வாந்தி இல்லை.
– எப்போதிலிருந்து: திங்கள் பின்னேரம்.
கடைசி வரியை வெட்டினேன். பிறகு திரும்ப எழுதினேன்.

வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

"போன கெழம தலவலின்னு வந்தேன். பல்லப் புடுங்கி அனுப்பிட்டாங்க."

"பொறவு?"

"தலவலி போயிருச்சே!"

நான் சிரித்தேன். சிரித்தது நினைவிருக்கிறது. செ. அந்நேரம் எங்கே, எதன்மேல் உட்கார்ந்திருந்தாளோ.

இளம் டொக்டர். இரத்த அழுத்தம் சரி. கண் இமையை இழுத்துப் பார்த்தார், இரத்தமும் குறைவில்லை. ஏதாவது யோசனையா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை என்றேன். நாளைக் காலை காது கிளினிக்குக்கு ஒரு துண்டு எழுதித் தந்தார்.

எனக்கு ஒரு பெயர் வேண்டும். பெரிய பெயராக. கட்டிலோடு கிடத்துகிற பெயர்.

வீடு வந்தால் செ.யின் அப்பா. முன்னறையில் நின்றுகொண்டிருந்தார். ராத்தா எத்தனை தரம் சொல்லியும் கதிரையில் உட்காரவில்லையாம். கையில் ஒரு பை. மகளின் துவாய், ஒரு றாத்தல் பாண். பொலிசில் உள்ளே கொடுக்க விடவில்லை.

"மிஸ்ஸுதானே எம் புள்ள பேர எழுதிக் குடுத்தது? தீவாளிக்கு வந்தப்ப சொல்லுச்சு. படிச்ச அக்கா கூட இருக்கேன், லிஸ்ட்லயும் போட்டுட்டாங்க, பயப்படாதீங்கப்பான்னு."

நான் சுவரைப் பிடித்தேன். அப்போது சுழலவில்லை. பிடித்தேன்.

"சனிக்கெழம கொழும்புக்கு ஏத்திருவாங்களாம். அங்க போனா நாங்க எங்கிட்டுப் போயித் தேடுறது?" பிறகு என்னைப் பார்த்து, "நீங்க படுங்க மிஸ். ஒங்களுக்கே முடியல."

ராத்தா தண்ணீர் ஓதி வைத்திருந்தார். "குடிங்க புள்ள. கண்ணூறுதான் இது. படிச்ச புள்ளயளுக்குத்தான் கூட விழும்."

குடித்தேன். பாணும் தின்றேன். கொண்டுபோய் என்ன செய்ய என்று அந்தப் பாணை செ.யின் அப்பா மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

நவம்பர் 14, வியாழன்

வெயில். ஈரமான வெயில்.

காது கிளினிக். டொக்டர் ஐம்பது வயதுப் பெண், கண்ணாடி நெற்றியில். கதை கேட்கவில்லை. ஒரு கேள்விதான்: எந்தப் பக்கம்? வலது. கட்டிலில் நீட்டி உட்காரவைத்தார். தலையை வலப்பக்கம் திருப்பி, திடீரென்று பின்னால் சரித்தார். தலை கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கியது. அறை பிய்த்துக்கொண்டு சுழன்றது. கத்தினேன். "கண்ணைத் திறந்து வை" என்றார். என் கண்களைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார், கிணற்றுக்குள் விழுந்ததைத் தேடுகிறவர் போல. நின்றது. தலையை மெல்ல மற்றப் பக்கம் திருப்பினார். பிறகு உடம்பையும். பிறகு எழுப்பி உட்காரவைத்தார்.

காதுக்குள் மணல் போலத் துகள் உண்டாம். அதில் கொஞ்சம் கழன்று போகக்கூடாத இடத்துக்குப் போயிருக்கிறது. உரிய இடத்தில் திரும்பப் போட்டாயிற்று. அவ்வளவுதான்.

"வருத்தம் ஒன்றுமில்லையா?"

"ஒன்றுமில்லை."

என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "ஏன் மகள், கவலையா?"

எதனால் வந்தது என்று கேட்டேன். காரணமில்லாமலும் வரும் என்றார். காரணமில்லாமல். அதைத் துண்டில் எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம் போலிருந்தது.

பஸ் நிலையத்தில் அண்ணாந்து பார்த்தேன். மலை, முகில், ஒரு விளம்பரப் பலகை. எல்லாம் அசையாமல். மருந்துக்கடைக் கண்ணாடிக்கு முன்னால் குனிந்து செருப்பைச் சரிசெய்தேன். ஒன்றுமில்லை. இனி எதைப் பிடித்துக்கொள்வது.

ராத்தா: "எப்பிடி புள்ள?"

"இன்னும் இருக்கு ராத்தா."

அவர் நேற்றும் இன்றும் பொலிசுக்குப் போய் வாங்கில் குந்தியிருந்துவிட்டு வந்திருக்கிறார். தெரிந்த ஒருவர் மூலம் யாரிடமோ பேசப் பார்க்கிறாராம். எல்லாம் தன் மறதியால் என்று அடுப்படியில் தனக்குத்தானே ஏசிக்கொண்டிருந்தார். நான் அடுத்த அறையில் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். இடப்பக்கமாக.

நவம்பர் 15, வெள்ளி

விடிந்ததும் வலப்பக்கம் திரும்பினேன். காத்திருந்தேன். வரவில்லை. எழுந்து உட்கார்ந்து, டொக்டர் சரித்தது போலவே தலையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டேன். வா என்று. செ.யின் கட்டில் தலைகீழாக, அசையாமல் நின்றது.

நாளை சனி.

ராத்தா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். படிவம், கோடு, ஓம். மூன்று வசனம்.

ஊற்றுவதை நிறுத்தவில்லை. கோப்பை நிரம்பிப் பீரிசில் வழிந்தது. "மூணு நாளா நான் என்னையல்லோ ஏசிட்டீந்தேன்." அதன் பிறகு முக்காட்டை இழுத்துப் போட்டார். "நடங்க."

பாதை முழுதும் எனக்கு முன்னால் நடந்தார். புள்ள என்று ஒரு தரமும் கூப்பிடவில்லை.

பொலிஸ். தடித்த சார்ஜன்ட். சிங்களத்தில் சொன்னேன். பல்கலைக்கழகத்தில் கற்ற சுத்தமான சிங்களம். விட்டது நான், வீட்டுக்காரி அல்ல, அந்தப் பெண் சொன்னது உண்மை. ஏன் விட்டாய் என்றார். பயம் என்றேன். அந்தச் சொல்லை அவர் எழுதவில்லை. புதுப் படிவம் தந்தார். நிரப்பினேன். இரண்டு வரி, ஒரு கோடு. ராத்தா கையெழுத்திட்டார். தொழிற்சாலைக் கடிதம் புதன்கிழமையே வந்து கோப்பில் கிடந்தது. வீட்டுப் பதிவுதான் குறையாக இருந்ததாம். என் யாழ்ப்பாண விலாசத்தைத் தனிக் கொப்பியில் எழுதிக்கொண்டார். இனி வெள்ளிதோறும் வந்து கையெழுத்திட வேண்டும்.

எல்லாம் அரை மணித்தியாலம். இவ்வளவுதான். அதைத்தான் தாங்கமுடியவில்லை.

"திங்கட்கிழமையே ஏன் வரவில்லை?"

பையைத் திறந்தேன். கிளினிக் துண்டை எடுத்து நீட்டினேன். கை தானாகச் செய்தது என்று எழுத ஆசை. தானாகச் செய்யவில்லை. சார்ஜன்ட் வாசித்தார். முகம் இளகியது. தன் கதிரையையே தள்ளிவிட்டு, இருங்கள் மிஸ் என்றார். உட்கார்ந்தேன். ராத்தா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்று மணிக்குச் செ.யை விட்டார்கள். தீபாவளிச் சட்டையோடு, அதே நீலம். உதடு வெடித்திருந்தது. அடித்தார்களா என்று வாசலில் காத்து நின்ற அவள் அப்பா கேட்டார். தலையை ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தேன்.

"நான் சொன்னேங்கக்கா, பேரு இருக்கு, நல்லாப் பாருங்க சார்னு. அவங்களே தாளத் தொலச்சிட்டு என்னையப் பொய்க்காரிங்கறாங்க."

ராத்தா என் வாயைப் பார்த்தார்.

"அதெல்லாம் விடு புள்ள" என்றார் அப்பா. "மிஸ்ஸுக்கு நாலு நாளாத் தலசுத்து. எந்திரிக்கவே முடியல. அதோட ஒனக்காக வந்து நிக்கிறாங்க."

"ஐயோ, சொல்லவேயில்லையே!" செ. கிட்ட வந்தாள். நாலு நாள் வியர்வை மணம். என் முழங்கையை இரண்டு கையாலும் பிடித்தாள். "எம் மேல சாஞ்சுக்கங்கக்கா. படி வழுக்கும். மெதுவா வாங்க."

பதினொரு படி. ராத்தா திரும்பிப் பார்க்காமல் முன்னால் இறங்கினார். எனக்கு நேற்றிலிருந்து ஒரு சுற்றும் இல்லை. கால் திடமாக இருந்தது. அவளுடையதுதான் நடுங்கியது. சாய்ந்துகொண்டு இறங்கினேன்.