ஜாடி திறக்க இரண்டு பேர்

கட்டுகஸ்தோட்டை
மார்ச் 10

அந்தோனியார் துணை

பிரான்ஸ் தேசத்தில் இருக்கும் என் அன்பு மருமகன் றொட்னிக்கும் அவன் மனைவி, மகள் போன்ற சுகிர்தாவுக்கும் மத்தியாஸ் மாமா எழுதிக்கொள்வது. நான் கருங்கல்லு மாதிரி இருக்கிறேன். போன கிழமை டாக்டர் என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இது கலியாணம் கட்டாத பையனுடைய நாடி என்று நர்ஸ்மாரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அதில் பாதிச் சுகமாவது உங்கள் இருவருக்கும் இருக்கட்டும்.

ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு விஷயத்தைத் தொடங்கினால், "சரி மாமா, வேலைக்கு நேரமாச்சு" என்று வெட்டிவிடுகிறாய். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் பேராதனை யூனிவர்சிட்டி வாசலில் இத்தனை வருஷம் தேத்தண்ணிக் கடை நடத்தினவன். புரொபெசர்மார் புத்தகம் எழுதுமுன் என்னிடம்தான் யோசனை கேட்பார்கள். எனவே பொறுமையாக வாசி.

முதலில் நீ அனுப்பிய சீஸ். உன் கூட்டாளி பிரதீஸ் லீவில் வந்ததும் கெலிஓயாவிலுள்ள அவன் வீட்டுக்குப் போய் வாங்கிக்கொண்டேன். அவனுடைய தாயார் அதை ஃபிரிட்ஜில் வைக்கவில்லை, பையோடு கொண்டுபோய்ப் பின்பக்கத்துக் கொய்யா மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். "சீக்கிரம் எடுத்துட்டுப் போயிருங்கண்ணே, நாய்கூட அந்தப் பக்கம் போகமாட்டேங்குது" என்றார். நான் பையைத் திறந்து ஒரு மூச்சு இழுத்தேன். அடடா. ஈரச் சாக்கு, ஆட்டுத் தொழுவம், அதற்கு அடியில் எங்கேயோ பால். ஹுன்னஸ்கிரிய தோட்டத்துப் பங்களாவில் என் அப்பா குசினிக்காரராக இருந்த காலத்தில், துரை மிச்சம் வைத்த சீஸ் தோலை ஒளித்து வைத்து நக்கினவன் நான். அந்தத் துரையே ஒருநாள், இந்தப் பொடியனுக்கு இருக்கிற நாக்கு லண்டனில் ஒருத்தனுக்கும் இல்லை என்று சொன்னதாக அப்பா சொன்னார்.

வரும் வழியில் பஸ்ஸில் ஒரு சின்ன விசேஷம். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, யாருடைய பையில் என்ன செத்துக் கிடக்கிறது என்று சிங்களத்தில் சத்தம் போட்டான். நான் எழும்பி நின்று, இது பிரான்ஸிலிருந்து என் மருமகன் அனுப்பிய சீஸ், இதை அங்கே ராஜாக்கள் சாப்பிடுவார்கள் என்று சிங்களத்திலேயே ஒரு பிரசங்கம் வைத்தேன். பஸ் முழுக்கக் கை தட்டினார்கள். டிரைவர்கூட ஒரு துண்டு கேட்டார். பிறகு எனக்குக் கொஞ்சம் காற்று வாங்கலாம் போல் இருந்ததால் பேராதனையிலேயே இறங்கி, கன்னொறுவைப் பாதையால் நடந்தேன். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார்தானே. இரண்டு த்ரீவீல்காரர்கள் நிறுத்திவிட்டு, ஏற்றாமல் போனார்கள். அவர்களுக்கு ஏதோ அவசரம்.

வீட்டுக்கு வந்து சீஸைச் சுற்றியிருந்த கடுதாசியை உரித்தால், மேல்தோல் செம்மஞ்சளாய், பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. கருவாடு இப்படி ஒட்டினால் என்ன அர்த்தம்? காய்ச்சல் போதவில்லை என்று அர்த்தம். பிரான்ஸில் வெயில் குறைவு, பாவம், அவர்கள் என்ன செய்வார்கள் என்று நினைத்து, உப்புத் தண்ணீரில் கழுவி, சுளகில் வைத்து, குளிக்கும் அறையின் தகரக் கூரைமேல் காயப் போட்டேன். நல்ல மார்ச் மாசத்து வெயில். மத்தியானம் போய்ப் பார்த்தால் சுளகுதான் இருந்தது. சீஸ் உருகித் தகரத்தின் வழியாக ஓடி, கீழே கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஷிராணி ரீச்சரின் வெள்ளைச் சேலைமேல் சொட்டிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கட்டுவதற்காகத் துவைத்துப் போட்ட சேலை. நான் தகரத்திலிருந்து வழித்து எடுத்ததைப் பச்சை மிளகாய், வெங்காயம் போட்டுச் சம்பலாக அரைத்துச் சாப்பிட்டேன். உன் பிரான்ஸ்காரர்களுக்கு இந்த யோசனை வந்திருக்காது. அவர்களிடம் சொல்.

ஷிராணி ரீச்சர் என் வீட்டுச் சொந்தக்காரி என்றாலும் தங்கமான மனுஷி. சேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் உன்னிடம் போனில் எல்லாம் சொல்லிவிட்டார் போலிருக்கிறது, நீ அன்றிரவே எனக்கு எடுத்து அம்பிட்டிய பக்கத்து முதியோர் இல்லத்தைப் பற்றிப் பேசினாய். ரீச்சர் என்னிடம் சொன்னது இதுதான்: "அங்கிள், நீங்க எவ்வளவு காலமும் இருங்க. அந்த ஜாடியை மட்டும் மாசக் கடைசிக்குள்ள வெளியே போட்டுருங்க. சமையலறைப் பக்கம் நிற்க ஏலாம இருக்கு. போட ஏலாட்டி, நீங்க வேற இடம் பார்க்கணும்."

எந்த ஜாடி என்று உனக்கு விளங்கியிருக்கும். உன் அனற் அத்தை போன வருஷம் ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் கண்ணை மூடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், நீர்கொழும்பிலிருந்து மீன் வரவழைத்து, உப்பும் கொறக்காப் புளியும் மாறி மாறி அடுக்கித் துணி கட்டி மூடி வைத்த ஜாடி. நீ சின்ன வயசில் எங்கள் வீட்டில் வளர்ந்தபோது, ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அந்த மீனை எடுத்துச் சாப்பிடுவாயே, அதேதான். இவ்வளவு நாளில் அது எவ்வளவு ஊறியிருக்கும் என்று நினைத்துப் பார். கொழும்பிலிருந்து ஒரு பெரிய ஹோட்டல்காரன் வந்து கேட்டான். கொடுக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நீ சொன்னதற்காக அந்த இல்லத்தையும் போய்ப் பார்த்தேன். குறை சொல்ல மாட்டேன். பூஞ்செடி இருக்கிறது, சுத்தமான கட்டில் இருக்கிறது. சிஸ்டர் என்னைக் குசினிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். பெரிய அண்டாவில் பருப்பு கொதிக்கிறது, நான் பக்கத்தில் நிற்கிறேன், ஒரு வாடையும் இல்லை. கருவாடு சமைப்பீர்களா என்று கேட்டேன். படுக்கையில் இருப்பவர்களுக்குக் குமட்டும் என்பதால் சமைப்பதில்லை என்றார். அதுவும் நியாயம்தான். ஜாடியைக் கொண்டுவரலாமா என்று நான் கேட்கவேயில்லை.

கண்டி மார்க்கட்டில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் மடவளை ரிஸ்மி என்னைக் கண்டால் இன்றைக்கும் எழும்பி நிற்பான். முன்பெல்லாம் நானும் அத்தையும் போனால் பெரிய பார்சலாகக் கட்டுவான். இப்போது கேட்காமலே ஒரு கைப்பிடி கட்டித் தருகிறான்.

மருமகனே, ஒரு விஷயம் நான் கண்டுபிடித்திருக்கிறேன், இது எந்தப் புரொபெசருக்கும் தெரியாது. இரண்டு பேர் சேர்ந்து சாப்பிட்டால் வாடை கிடையாது. நானும் அத்தையும் ஜாடி மீன் சாப்பிட்டுவிட்டு ஒரே கட்டிலில் படுப்போம், ஒருவரிடமும் ஒரு வாடையும் இல்லை. ஒருவர் மட்டும் சாப்பிட்டால்தான் ஊருக்கே தெரிகிறது. போன கிழமை ஜாடித் துணியின் ஒரு முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். அவள் கட்டிய முடிச்சு, நல்ல இறுக்கம். வாடை வந்தது. எனக்கே தாங்கவில்லை. திரும்பக் கட்டிவிட்டேன், ஆனால் அவள் கட்டிய மாதிரி வரவில்லை. அதிலிருந்துதான் ரீச்சருக்கு இந்தக் கஷ்டம்.

சுகிர்தா உன்னைச் சீஸோடு பால்கனிக்கு அனுப்பிவிடுகிறாளாமே. பனியில் நின்றுகொண்டு தனியாகச் சாப்பிடுகிறாய் என்று பிரதீஸ் சொன்னான், சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பிள்ளைமேல் குறை இல்லை. ஆனால் அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

ஆகையால் இப்படிச் செய்வோம். மாசக் கடைசிக்குள் நீ ஒரு சின்ன லீவு போட்டு வா. ஜாடியை நான் வெளியே போடவும் மாட்டேன், தனியாகத் திறக்கவும் மாட்டேன். தபசு காலம்தான், இறைச்சிதான் விலக்கு, மீனில் பாவமில்லை. கதவைச் சாத்திக்கொண்டு நீயும் நானும் அடிவரைக்கும் சாப்பிடுவோம். ரீச்சரிடம் அதுவரைக்கும் பொறுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஜாடி காலியானதும் நானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, நீ எந்த இல்லம் சொல்கிறாயோ அங்கே, பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் பின்னால் வருகிறேன். அந்தப் பருப்பையும் குறை சொல்லாமல் சாப்பிடுவேன்.

வரும்போது அந்தச் சீஸில் இன்னொன்று கொண்டுவா. ஒருவரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம், நீயே கையோடு கொண்டுவா. இந்தத் தடவை வெயிலில் வைக்க மாட்டேன். அத்தையும் அந்தோனியாரும் உன் பிரயாணத்துக்குத் துணை இருக்கட்டும்.

உன் வரவுக்கு இரண்டு தட்டு கழுவி வைத்திருக்கும்,
மத்தியாஸ் மாமா