ஐந்து முன்னுரிமைகளும் ஒரு கொசு அறையும்

நேற்று மாலை எங்கள் குடியிருப்பின் லிப்டில் மேல்மாடிக்காரர் ஒருவர் நாய் பிஸ்கட் பையோடு ஏறினார். பையின் ஓரம் கிழிந்திருந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதுமே உன் நினைவு வந்தது. பிரியத்தோடு வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, உன்னைத் திட்டுவதற்கு எனக்கு இன்னும் வார்த்தை தீரவில்லை.

நாய் பிஸ்கட்டை இடித்து, ஈஸ்ட் பொடி கலந்து, கொசுப்புழுக்களுக்குத் தீனி போடுவதுதான் ஆய்வு மாணவர்களாக நாம் இருவரும் சேர்ந்து கற்ற முதல் வேலை. விலங்கியல் துறையின் பின்பக்கம் ஒரு அறை. வலைக்கூண்டுகள், எனாமல் தட்டுகள், எப்போதும் ஒரே சூடு, ஒரே ஈரம். பீர்க்கன்கரணை ஏரிக்கரையிலும் தாம்பரத்துச் சாக்கடை ஓரங்களிலும் கரண்டியால் முகந்து வந்த புழுக்களை அங்கே வளர்த்தோம். நீ என்னைவிடக் கெட்டிக்காரன். புழு நீர்மட்டத்தில் படுத்திருக்கிறதா, தலைகீழாகத் தொங்குகிறதா என்று ஒரு பார்வை பார்த்து அது எந்த இனம் என்று சொல்லிவிடுவாய். பெண் கொசுக்களுக்கு ரத்தம் வேண்டுமென்று உன் கையையே கூண்டுக்குள் விட்டு உட்கார்ந்திருப்பாய். முழங்கைவரை தடித்துப்போயிருக்கும். "என் ரத்தத்துல வளந்ததுங்க மச்சான், எவன் கேட்டாலும் குடுக்க மாட்டேன்" என்பாய்.

இருவருக்கும் அதே துறையில் வேலை கிடைத்தது. இருவருக்கும் தலை நரைத்தது. பிறகு உன்னை ஆராய்ச்சி இயக்குநர் ஆக்கினார்கள். நான்தான் முதலில் கை கொடுத்தேன். நம் ஆள் ஒருவன் மேலே போயிருக்கிறான் என்று அப்போது சந்தோஷப்பட்டேன்.

துணைவேந்தருக்கு ஒரே கவலை. பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் ஆராய்ச்சி நிதி கொட்டுகிறது, நமக்கு மட்டும் சொட்டுகிறது. ஐந்து முன்னுரிமைத் துறைகளைத் தேர்ந்தெடுத்தால் பணம் தானாக வரும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த ஐந்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உனக்கு வந்தது. நீ கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டைப் பிடித்தாய். நாவலூரிலிருந்து ஒரு ஆலோசனை நிறுவனத்தைக் கூட்டிவந்தாய். நம் வளாகத்துக் கழிவறைகளில் தண்ணீர் வராத கோடையில், பேராசிரியர்கள் எல்லோரும் நீச்சல் குளத்தைப் பார்த்தபடி பல்கலைக்கழகத்தின் எதிர்காலத்தைச் சிந்தித்தோம்.

என்ன கூத்து அது. ஆளுக்கொரு வண்ணக் காகிதம் கொடுத்து மனதில் தோன்றுவதை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். நம் வேதியியல் பேராசிரியை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துத் தண்ணீரைப் பற்றி எழுதினார். பொருளாதாரத்துக்காரர் ஐ.டி. கம்பெனிகளின் துப்புரவுத் தொழிலாளர்களைப் பற்றி எழுதினார். நான் டெங்கு என்று எழுதினேன். ஆலோசனை நிறுவனத்துப் பையன்கள் காகிதங்களை அங்குமிங்கும் மாற்றி ஒட்டி, "வெரி ரிச் டிஸ்கஷன் சார்" என்று கைதட்டினார்கள். தேநீர் இடைவேளையில் மேடைக்குப் பின்னால் போனேன். அங்கே ஒரு பேனர் பாதி விரிந்து கிடந்தது. செயற்கை நுண்ணறிவு, டிரோன், குவாண்டம், விண்வெளி, ஸ்மார்ட் சிட்டி. ஐந்தும் தங்க நிறத்தில் அச்சாகியிருந்தன.

உன்னைத் தேடிப்பிடித்துத் திட்டினேன், இது என்ன நாடகம் என்று கேட்டேன். நீ சமோசா தின்றுகொண்டிருந்தாய். உன் முகத்தில் ஒரு சின்ன வெட்கமாவது வரும் என்று நினைத்தேன்.

"பேனர் அடிக்க ரெண்டு நாள் ஆகும்டா. சாயந்திரம் வி.சி. வந்து திறக்கணும். அதுக்குத்தான் முன்னாடியே குடுத்துட்டேன்" என்றாய்.

"அப்ப எங்கள எதுக்குக் கூப்ட்ட?"

"கலந்து பேசினோம்னு ரிப்போர்ட்ல வரணும்ல?"

பிறகு என் தோளில் கைபோட்டு எனக்கு வழி சொல்லிக்கொடுத்தாய். கொசுவை ஸ்மார்ட் சிட்டிக்குள் நுழைத்துவிட வேண்டுமாம். தலைப்பில் ஒரு சென்சாரும் ஒரு டிரோனும் சேர்த்தால் போதுமாம். படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் டிரோன் எப்படிப் போகும் என்று கேட்டேன். நீ சிரித்தாய். "எனக்குத் தெரியாதாடா? மேல இருக்கிறவங்களுக்குப் புரியிற மாதிரி சொல்லணும், அவ்ளோதான்." நான் தலைப்பை மாற்றவில்லை. அதற்கான கூலி அடுத்த கல்வியாண்டிலேயே வந்து சேர்ந்தது. நம் கொசு அறை டிரோன் மையத்துக்கு ஒதுக்கப்பட்டது. என் மாணவி ஜெபாவின் உதவித்தொகை, முன்னுரிமைப் பட்டியலில் இல்லாத துறை என்று நிறுத்தப்பட்டது.

ஜெபாவை உனக்குத் தெரியும். தாம்பரம் சானடோரியம் பக்கத்துப் பெண், அப்பா ரயில்வேயில் கலாசி, கடைநிலைத் தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச்சிலிருந்து நேராக வந்து புழுக்களுக்குத் தீனி போட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போவாள். நீ பொறியாளரைக் கூட்டிக்கொண்டு அறையை அளக்க வந்த அன்று அவளும் நானும் உள்ளே இருந்தோம். நீ ஒரு தட்டைக் கடந்து போகும்போது, குனியக்கூட இல்லை, "ஏடிஸ். நாளைக்குக் கூட்டுப்புழு ஆயிடும்" என்றாய். டெங்கு பரப்பும் இனம்தான், சரியாகத்தான் சொன்னாய்.

அவள் எழுந்து நின்று, "சார், உங்க கிளாஸக் கேட்டுட்டுத்தான் சார் நான் இந்தப் படிப்புக்கே வந்தேன்" என்றாள்.

"குட்" என்றாய். பொறியாளரிடம் திரும்பி ஏ.சி.யை எந்தச் சுவரில் வைக்கலாம் என்று கேட்டாய்.

கொசுவையும் ஈயையும் பிரித்தறியத் தெரியாத ஒருவன் இதைச் செய்திருந்தால் முட்டாள் என்று விட்டிருப்பேன். முட்டாள்களோடு வேலை பார்த்து எனக்குப் பழக்கம் உண்டு. ஆனால் அந்த அறை என்னவென்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் நீ. அறையைக் காலி செய்த அன்று, புழுக்கள் கொசுவாகி வெளியே பறந்துவிடக் கூடாதென்று, ஜெபாவும் நானும் வெந்நீர் காய்ச்சித் தட்டு தட்டாக ஊற்றிக் கொன்றோம். அவள் அழவில்லை. அடுத்த மாதமே நாவலூரில் ஒரு கம்பெனியில், மருத்துவ பில்களைச் சரிபார்க்கும் வேலைக்குப் போய்விட்டாள்.

நிதி பெருகியது, அதை மறைக்கவில்லை. கண்ணாடிக் கட்டடம் வந்தது, சில பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் வந்தது. திறப்பு விழாவில் பறந்த டிரோன் தூங்குமூஞ்சி மரத்தில் மாட்டிக்கொண்டது. தோட்டக்காரர் தொரட்டி கொண்டுவந்து இழுத்துப் போட்டார். துணைவேந்தர் அதற்கும் கைதட்டினார். நீயும் தட்டினாய்.

ஓய்வு பெற்ற கொஞ்ச நாளிலேயே மாரடைப்பில் போய்விட்டாய். கோவிலம்பாக்கத்தில் உன் வீட்டுக்கு வந்தேன். உன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒருத்தர்தான் அவர நேருக்கு நேரா திட்டினீங்களாம்ணா. அடிக்கடி சொல்லுவாரு" என்றார். அந்த இடத்தில் அழுதிருக்க வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. வீட்டில் உட்கார்ந்து பெருமையாகச் சொல்லிக்கொள்ளத் தெரிந்தவனுக்கு என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. இரங்கல் கூட்டத்தில் பேசிய எல்லோரும் உன்னைத் தொலைநோக்காளர் என்றார்கள். என்னைப் பேசக் கூப்பிட்டபோது, நீ கூண்டுக்குள் கையை விட்டு உட்கார்ந்திருந்ததை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

இப்போது புது இயக்குநர். புது ஐந்து. வெளிநாட்டு நிதி நிறுவனம் ஒன்று நோய் பரப்பும் பூச்சிகளைப் பற்றிக் கேட்டதாம், அதனால் கொசு முதல் இடத்துக்கு வந்துவிட்டது. அறை இல்லை, கூண்டு இல்லை, ஆள் இல்லை, ஆனால் முன்னுரிமை இருக்கிறது. ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்கும் என்னை அதற்குத் தலைவராக்கினார்கள். ஜெபாவைத் திரும்பக் கூப்பிடலாமென்று போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டாள். "சந்தோஷம் சார். ஆனா நான் வரல. மறுபடியும் வெந்நீர் ஊத்த என்னால முடியாது" என்றாள். நானும் வற்புறுத்தவில்லை.

போன திங்கட்கிழமை இயக்குநர் ஒரு தாளை நீட்டினார். எல்லாத் துறைகளோடும் கலந்து பேசி இந்த ஐந்தும் முடிவாயின என்று அதில் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டால் அடுத்த மாதமே பணம் வந்துவிடும். பேனா என் கையில் இருந்தது. மறுபடியும் ஒரு அறை, கூண்டுகள், இரண்டு மாணவர்கள் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. ஒரு வரிதானே, யாருக்கு நஷ்டம் என்று உள்ளே ஒருவன் இதமாகப் பேசினான். அது உன் குரல்.

யாரும் யாரோடும் கலந்து பேசவில்லை என்று எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் முகம் சுருங்கிப்போனது. தலைமை வேறு ஒருவருக்குப் போய்விட்டது. கொசுவும் இனி யார் கைக்குப் போகுமோ தெரியாது.

இறந்தவனை மன்னித்துவிடு என்று வீட்டில் சொல்கிறார்கள், சர்ச்சிலும் சொல்கிறார்கள். நானும் முயன்று பார்த்தேன். ஆனால் அன்றைக்கு அந்த மேசையில் என்னைத் தடுத்தது என் நேர்மை இல்லை. உன்மேல் எனக்கு இருக்கும் இந்த இளக்காரம்தான். அதை மட்டும் கரையவிடாமல் வைத்திருக்கிறேன். அது போய்விட்டால், அடுத்த தாளில் நானும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிடுவேன்.