“குளிர் ஒட்டுது” யாருடைய வார்த்தை?

என் முத்து அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தில் எத்தனை ல, ள, ழ இடம் மாறிக் கிடக்கிறதோ எனக்குத் தெரியாது. முன்பெல்லாம் நான் எதை டைப் செய்தாலும் முதலில் உனக்கு வரும். நீ சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவாய். இப்போது வட்டம் போட ஆள் இல்லை. அப்படியே நம் பேஜில் போடுகிறேன். எல்லாரும் படிக்கட்டும், ஆனால் பேசுவது உன்னிடம் மட்டும்தான்.

பெரிய நியூஸ் ஒன்று இருக்கிறது, உட்கார்ந்துகொள். நம் இமயா இரண்டாவது ஆல்பம் செய்கிறாள்! முதல் ஆல்பம் “மேல் பெர்த்” வந்ததிலிருந்து எத்தனை நாள் காத்திருந்தோம்? டெல்லியில் உட்கார்ந்து தமிழில் பாப் பாடுகிற ஒரே பெண் என்று நாம் இரண்டு பேரும் பேஜ் ஆரம்பித்தோமே, அந்தப் பேஜ் இப்போது பற்றி எரிகிறது. எரிய வைத்தது நான்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் அவள் ஒரு சின்ன க்ளிப் போட்டாள். ரூம் ஹீட்டர், கிடார், காலில் இரண்டு ஜோடி சாக்ஸ். பதினைந்து நொடிகூட இல்லை. நான் வழக்கம்போல வால்யூமைக் கூட்டி, பின்னால் என்ன சத்தம் கேட்கிறது, ஜன்னலில் என்ன தெரிகிறது என்று தேட ஆரம்பித்தேன். என் தொழில் உனக்குத் தெரியுமே! அப்போதுதான் மூன்றாவது வரி காதில் விழுந்தது.

“குளிர் ஒட்டுது, குளிர் ஒட்டுது, உன் கை எங்கே?”

போனைக் கீழே போட்டுவிட்டேன் அண்ணா. நிஜமாகவே போட்டுவிட்டேன். ஸ்க்ரீன் கார்டு போய்விட்டது.

கமெண்ட்டில் எல்லாரும் உருகினார்கள். “என்ன ஒரு படிமம்!” என்றார் ஒருவர். “குளிர் தோலில் ஒட்டுகிறது, பிரிவு மனதில் ஒட்டுகிறது, இரண்டையும் ஒரே சொல்லில் சொல்லிவிட்டார்” என்று இன்னொருவர் முழுப் பாராவே எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் அது படிமம் இல்லை. அது என் தப்பு.

படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். நான் டெல்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் எழுதப் படிக்க யாரும் சொல்லித் தரவில்லை. இமயா பாட்டு வரிகளைப் பேஜுக்காக டைப் செய்து செய்து நானே கற்றுக்கொண்டேன். குளிருகிறது என்பதை ஹிந்தியில் “தண்ட் லக் ரஹீ ஹை” என்பார்கள். தண்ட் என்றால் குளிர், லக்னா என்றால் ஒட்டுவது. அதனால் சின்ன வயதிலிருந்து எனக்குக் குளிர் ஒட்டும், பசி ஒட்டும், பயம் ஒட்டும். அம்மா தலையில் அடித்துக்கொள்வார். எதிர் குவார்ட்டர்ஸில் இருந்த நீ, திருநெல்வேலியிலிருந்து அப்பாவின் மாற்றலில் வந்த பையன், விழுந்து விழுந்து சிரிப்பாய்.

“ஒட்டுதா? என்னத்தட்டி தடவுன, கோந்தா?”

இந்த உலகத்தில் அப்படிச் சொன்னது நான். அதைக் கேட்டுச் சிரித்தது நீ. நீ போய்விட்டாய். நான் இமயாவிடம் சொல்லவே இல்லை. அவள் கோயம்புத்தூர்க்காரி, காலேஜுக்கு டெல்லி வந்தவள், அவளுக்குக் குளிர் எதற்கு ஒட்ட வேண்டும்? அப்படியானால் யார் கொடுத்தது?

முதலில் நான் சந்தேகப்பட்டது உன் போனை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. யாரோ உன் போனைத் திறந்து, நாம் அனுப்பிக்கொண்ட வாய்ஸ் நோட்டுகளைக் கேட்டிருக்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டேன். மறுநாள் காலை உன் வீட்டுக்குப் போனேன். ஆன்ட்டி ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போட்டுக்கொண்டு பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

“வா பிள்ள. எவ்வளவு நாளாச்சு, இந்தப் பக்கமே காணும்?”

“ஆன்ட்டி, அண்ணா போன் எங்க இருக்கு?”

“பீரோவுலதான் கெடக்கு. சார்ஜுகூட போடல. யாருக்குப் போடணும், சொல்லு?”

பட்டாணித் தோல் ஒன்று என் கையில் ஒட்டிக்கொண்டது. அதை எடுத்துத் தட்டில் போட்டேன். ஆன்ட்டியே தொடர்ந்தார்.

“அந்தப் பாட்டுக்காரப் பொண்ணு நல்லா இருக்காளா? பதினாறாம் நாளுக்கு வந்திருந்தாளே. அந்த மூலையில உக்காந்து அப்படி அழுதா.”

“யாரு? இமயாவா?”

“பேரு என்னமோ சொன்னா. கிடார் வச்சிருப்பாளே, அவதான். நீ அப்பம் காய்ச்சல்ல படுத்துக் கெடந்த.”

அண்ணா, இமயா உன் வீட்டுக்கு வந்திருக்கிறாள்! நாம் எந்த இமயாவின் கையெழுத்துக்காக மூன்று மணி நேரம் க்யூவில் நின்றோமோ அவள், உன் வீட்டு மூலையில், உனக்காக அழுதிருக்கிறாள். உனக்கு அவளைத் தெரியுமா? எப்போதிலிருந்து? என்னிடம் ஏன் சொல்லவில்லை? ராக்கி கட்டுகிற தங்கையிடம் மறைக்கிற அளவுக்கு என்ன?

அதற்குப் பிறகு சந்தேகம் உன் பக்கம் திரும்பியது. செத்துப்போனவனைச் சந்தேகப்படுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? கேள்வி கேட்டால் பதில் வராது. ப்ளூ டிக்கூட வராது. உன் பழைய மெசேஜுகளை எல்லாம் தோண்டினேன். ஜூன் மாதத்திலிருந்து நீ ஞாயிற்றுக்கிழமைகளில் “வேல இருக்குட்டி” என்று சொல்லியிருக்கிறாய். என்ன வேலை? “இந்த ராக்கிக்கு உனக்குக் கையில புடிக்க முடியாத கிஃப்ட்டு” என்று ஒருமுறை எழுதியிருக்கிறாய். அன்றைக்கு நான் அதை ஏதோ ரீசார்ஜ் என்று நினைத்தேன்.

நீயும் அவளும் சேர்ந்து என் தமிழைக் கிண்டல் செய்திருக்கிறீர்கள், அதை அவள் பாட்டாக்கிவிட்டாள். இதுதான் என் கண்டுபிடிப்பு. எழுதினேன். பேஜில் போட்டேன். “இரண்டாவது ஆல்பம் திருட்டில் தொடங்குகிறது” என்று தலைப்பு. உன் பெயர் போடவில்லை. அந்த அளவுக்குத்தான் தைரியம். மதியத்துக்குள் சென்னையிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து எல்லாம் ஆட்கள் வந்து இமயாவைத் திட்ட ஆரம்பித்தார்கள். அவளைத் திட்டத் திட்ட எனக்கு ஜெயித்த மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. பயம்தான் ஒட்டியது.

சாயங்காலம் அவளிடமிருந்தே மெசேஜ்.

“நீங்க பிங்கிதானே? நாளைக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட் வர முடியுமா? நான் எப்படியும் அப்பளம் வாங்கப் போறேன்.”

ஸ்டார் என்றால் அப்பளம் வாங்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். நேரில் பார்த்தால் மூக்கு சிவந்து, குல்லா போட்டு, கையில் துணிப்பை. அந்தத் தமிழ்க் கடைக்காரரிடம் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். எனக்கு அவள் மேல் கோபமாக இருக்க வேண்டும். ஆனால் உள்ளே ஒரு ரசிகை, ஐயோ இமயா, இமயா என்று குதித்துக்கொண்டிருந்தாள். அவளை அடக்குவதே பெரிய பாடு.

பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம்.

“போஸ்ட்ட படிச்சேனுங்க. தப்பில்ல. நான் மொதல்லயே உங்ககிட்ட கேட்டிருக்கணும். எப்படிக் கேக்கறதுன்னு தெரியல.”

“உங்களுக்கு அண்ணாவ எப்படித் தெரியும்?”

“மொத ஆல்பத்துல என் ழ சரியில்லன்னு மெசேஜ் போட்டார். எல்லாரும் சூப்பர் சூப்பர்ங்கறப்போ ஒரே ஆள். இவர்தான் நமக்கு வேணும்னு ரெண்டாவது ஆல்பம் பாட்டு எல்லாத்தையும் எழுத எழுத அவருக்குப் போட்டுக் காட்டினேன்.”

“ஞாயித்துக்கிழமையா?”

“ஆமா. உங்களுக்கெப்படித் தெரியும்?”

“எனக்கு எல்லாம் தெரியும்” என்றேன். ஒன்றும் தெரியாது என்று அப்போதுதான் தெரிந்தது.

பிறகு அவள் போனை எடுத்தாள். “இத நீங்க கேக்கணும்” என்று ஒரு வாய்ஸ் நோட்டைக் காட்டினாள். ஜூலை மாதத்தது. ஐம்பத்தெட்டு நொடி.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? “இது ஏஐ இல்லன்னு என்ன கேரன்ட்டி?” என்றேன். செத்துப்போனவர்களை எல்லாம் பாட வைக்கிற காலம் அண்ணா இது. உன் குரலை யாராவது செய்து என்னிடம் நீட்டினால் நான் ஏமாந்துவிடுவேனே! இமயா கோபப்படவில்லை. “செக் பண்ணிக்குங்க, மெதுவா” என்று இயர்போனை நீட்டினாள்.

“ஹலோ, ஹலோ, கேக்கா?”

நீதான். மெஷினுக்கு இது வருமா? எந்த வாய்ஸ் நோட்டையும், அது போன் கால் இல்லை என்று தெரிந்தும், கேக்கா என்று கேட்டுத் தொடங்குகிற ஆள் நீ ஒருவன்தான். அப்புறமும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. பின்னால் கவனித்தேன். தூரத்தில், பழைய பேப்பர் வாங்க நம் தெருவுக்கு வருகிற கபாடிவாலா. “கபாடீ” என்று இழுத்து, கடைசியில் ஒரு இருமல். அந்த இருமலை எந்தக் கம்ப்யூட்டரும் செய்ய முடியாது. அதற்குப் பிறகுதான் நீ சொன்னதைக் கேட்டேன்.

“இமயா, அந்தக் குளிர் ஒட்டுதுன்னு சொன்னேம்லா, அது எனக்குள்ளது இல்ல. எங்க பிங்கிக்குள்ளது. அது தப்புதான். ஆனா திருத்திராதீங்க. அவகிட்ட ஆயிரம் தப்பு திருத்திருக்கேன், இத மட்டும் விட்டு வச்சிருக்கேன். நமக்கெல்லாம் குளிர் வந்தா குளிரும், போயிரும். அவளுக்குத்தான் ஒட்டும். பாட்டுல போடணும்னா அவகிட்ட கேக்கணும். நீங்க கேக்காதீங்க, ராக்கிக்கு நானே கேக்கேன். இப்பமே சொன்னா சாயங்காலத்துக்குள்ள பேஜுல போட்டுருவா.”

நாற்பத்தோராவது நொடியில் இமயா நிறுத்திவிட்டாள்.

கடைசி வரி என்னைச் சுட்டது. உண்மை என்பதால்தான் சுட்டது. முதல் ஆல்பம் ரெக்கார்டிங்கின்போது இமயா போட்ட க்ளிப்பில் பின்னால் கேட்ட குக்கர் விசிலை வைத்து அவள் வீட்டைக் கண்டுபிடித்ததும் நான்தான். பாட்டு லிஸ்ட்டை முன்கூட்டியே வெளியே விட்டதும் நான்தான். அதற்குப் பிறகு நீ ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. “அவ ரெண்டு வருஷமா சேத்து வச்சத நீ ரெண்டு நிமிஷத்துல கொட்டிட்டியே” என்றாய். அப்போது எனக்கு லைக்குகள் மட்டும்தான் தெரிந்தன. நீ என்னிடம் மறைத்தது என் தமிழால் இல்லை, என் வாயால்.

இருந்தாலும் கேட்டேன். “நீங்க ரெண்டு பேரும் என்னப் பாத்து சிரிச்சீங்களா?”

இமயா யோசிக்கவே இல்லை. “நெறையச் சிரிச்சோமுங்க. பசி ஒட்டுதுன்னு சொன்னப்போ எனக்கு டீ மூக்குல ஏறிடுச்சு. அப்புறம் அவரு சொன்னாரு, சிரிச்சு முடிச்சாச்சுல்ல, இப்ப அந்த வார்த்தையப் பாடிப் பாருங்கன்னு. பாடினேன். சிரிப்பு வரல.”

இல்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

“இப்ப நீங்க வேண்டாம்னா எடுத்துடறேன்” என்றாள். “பாட்டே போயிடும், பரவால்ல. உங்களோடது.”

அண்ணா, எனக்கு அப்போது உன் ஆஸ்பத்திரி நாள்தான் ஞாபகம் வந்தது. ஆகஸ்ட், உனக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டே இருந்த நாள். ராக்கிக்குப் பத்து நாள்கூட இல்லை. “எனக்குப் பயம் ஒட்டுது” என்று மெசேஜ் போட்டேன். “ஒட்டட்டும்ட்டி” என்று நீ பதில் போட்டாய். அதுதான் கடைசி. இத்தனை நாள் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? திருத்தக்கூட உனக்குத் தெம்பில்லை என்று. அதை நினைத்து நினைத்து அழுதிருக்கிறேன். தெம்பு இருந்தபோதும் நீ அதைத் திருத்தியதே இல்லையே! சிரித்திருக்கிறாய், கோந்து என்றிருக்கிறாய். குளிருது என்று சொல்லு என்று ஒருநாளாவது சொன்னாயா? ஒவ்வொரு மெசேஜாகப் போய்ப் பார்த்தேன். இல்லை.

இமயாவிடம் பாட்டு இருக்கட்டும் என்றேன். ஆனால் ஒரு கண்டிஷன் போட்டேன். யாரும் அதைப் படிமம் என்று சொல்லக் கூடாது. ஆல்பத்தில் பெயர்கள் வருகிற இடத்தில் இப்படி வர வேண்டும்: “பாட்டு, இமயா. பிழை, பிங்கி. திருத்தாமல் விட்டவர், முத்து.” அவள் அந்த இடத்திலேயே டீக்கடைப் பில்லின் பின்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தாள். க்யூவில் நிற்காமல் கிடைத்த கையெழுத்து!

என் போஸ்ட்டை எடுத்துவிட்டேன். இமயாவைத் திட்டியவர்கள் இதைப் படித்தால், திட்ட வேண்டியது என்னை. வாருங்கள், கமெண்ட் திறந்துதான் இருக்கிறது.

ஆனால் அண்ணா, ஒன்று பாக்கி. அந்த வாய்ஸ் நோட்டு ஐம்பத்தெட்டு நொடி. அவள் எனக்குக் கேட்க வைத்தது நாற்பத்தொன்று. மிச்சம் பதினேழு நொடியில் என்ன இருக்கிறது?

“அது எனக்குச் சொன்னதுங்க” என்றாள். சொல்லும்போது குல்லாவைக் காதுக்குக் கீழே இழுத்துக்கொண்டாள். மூக்கு சிவந்திருந்தது குளிராலா? பதினாறாம் நாள் மூலையில் உட்கார்ந்து அழுதது, வெறும் ழ திருத்திய ஆளுக்காகவா? ஞாயிற்றுக்கிழமை எல்லாம் பாட்டு மட்டும்தான் கேட்டாயா? எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது. பலமான சந்தேகம். அந்தக் கபாடிவாலா இன்னும் வருகிறார். தெருவில் யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று அவருக்குத் தெரியும், அவரைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். அவள் போட்ட பழைய போட்டோக்களைத் தேதிவாரியாக அடுக்கினால் மீதியும் தெரிந்துவிடும். எனக்கு அரை மணி நேர வேலை.

செய்ய மாட்டேன். உன் மேல் ஆணையாக, தோண்ட மாட்டேன், யாரிடமும் கேட்க மாட்டேன், தானாகத் தெரிந்தாலும் பேஜில் போட மாட்டேன். ராக்கிக்கு நீ எனக்குக் கையில் பிடிக்க முடியாத ஒன்றைக் கொடுத்துவிட்டாய். பதிலுக்கு நான் உனக்குத் தருவது இந்தப் பதினேழு நொடி. என் வாயில் தங்குகிற முதல் ரகசியம், அதுவும் எனக்கே தெரியாத ரகசியம்.

ஆகஸ்டில் உனக்கு வாங்கிய ராக்கி கட்டாமலே இருக்கிறது. அடுத்த ராக்கி அன்று ஆன்ட்டி பீரோவில் உன் போனைச் சுற்றிக் கட்டிவிட்டு வருவேன். அன்றைக்கு மட்டும் அதற்குச் சார்ஜ் போடச் சொல்லியிருக்கிறேன்.

இங்கே இன்னும் குளிர் ஒட்டுது அண்ணா.

நீ திருத்தாமல் விட்ட தங்கை,
பிங்கி