உச்சியில் ஒட்டிய பொட்டு

ஸ்டியரிங்கைக் கையில் பிடித்திருப்பவளுக்கே முன்சக்கரம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று ஏன் தெரிவதில்லை? இன்று மாலை உன் காருக்குள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் தெரியவில்லை.

உன் வீட்டுக்காரர்தான் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். நாளைக் காலை நம் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆட்கள் வருகிறார்கள். தொட்டியின் மூடி உன் காருக்கு அடியில் இருக்கிறது. "ஞாயித்துக்கிழமையானா ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன், எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். டிரைவர் யாரையாவது கூப்பிடவா, இல்ல நீங்களே வெளிய எடுத்துடுறீங்களா மேடம்? அவகூட சேர்ந்து கத்துக்கிட்டவங்க நீங்கதானே" என்றார். தூண் கதையை உன் வாயால் பலமுறை கேட்டவர். அப்படியும் கேட்டார். பார்க்கலாம் என்றேன்.

கதவைத் திறந்ததும் அடைந்துகிடந்த வெயிலின் வாசனை. அதற்குள் நீ தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசனையும் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஸ்டியரிங்கின் உச்சியில் உன் மெரூன் பொட்டு, ஓரம் சுருண்டு, வெளுத்துப்போய். நீ போன பிறகு உன் வண்டியில் உட்கார்ந்தால் முதலில் துக்கம்தான் வரும் என்று எண்ணியிருந்தேன். வந்தது வெட்கம். பால்கனிகளில் யாராவது நிற்கிறார்களா என்றுதான் முதலில் நிமிர்ந்து பார்த்தேன். அப்படிப் பார்த்ததை உணர்ந்தபோது இன்னும் கூசியது.

இந்த வயதில் கார் கற்பது உன் யோசனை. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்த இரண்டாம் நாளே நமக்குப் புரிந்துவிட்டது, முகப்பேரிலும் அம்பத்தூரிலும் எல் போர்டு மாட்டிய வண்டியில் போனால் தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் தப்ப முடியாது. நீ துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டாய். "எங்க அம்பத்தூர் சொந்தக்காரங்க பார்த்தா அவ்வளவுதான், கல்யாண வீட்டுல சாம்பார் ஊத்தறப்பகூட இதையே பேசுவாங்க." கற்றுக்கொடுத்த மாஸ்டரின் வீடு திருநின்றவூரில். விடுமுறை நாட்களில் அங்கேயே வந்து கற்றுக்கொள்கிறோம் என்று அவரை நீதான் சம்மதிக்க வைத்தாய். கார் ஓட்டக் கற்க மின்சார ரயிலில் போனவர்கள் நம் இருவரைத் தவிர வேறு யாராவது இருப்பார்களா என்று தெரியவில்லை.

ஏரிக்கு அந்தப் பக்கம், மனை பிரித்துக் கல் நட்டு, வீடு ஒன்றும் வராத தெருக்கள். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பின்சீட்டில். மாஸ்டர் இடப்பக்கம் உட்கார்ந்து தன் காலடியில் தனி பிரேக் வைத்திருந்தார். "மேடம், ஸ்டியரிங்கப் புடிச்சித் தொங்காதீங்க. அது பஸ் கம்பி இல்ல" என்பார். கடிகாரத்தில் ஒன்பதும் மூன்றும் இருக்கும் இடத்தில் கைகள் இருக்க வேண்டும். ஒரு கை இழுக்க, மறு கை தள்ள வேண்டும். கையின் மேல் கை ஏறக் கூடாது. உள்ளங்கையைப் புரட்டி உள்பக்கமாகப் பிடிக்கக் கூடாது. எல்லாம் எனக்கு மனப்பாடம், ஒன்றும் கைக்கு வரவில்லை. வளைவில் திருப்பிவிடுவேன். திருப்பியதை எப்போது எவ்வளவு திரும்பவிட வேண்டும் என்பது தெரியாது. வண்டி கல்லை நோக்கிப் போகும்போது மாஸ்டர் ஸ்டியரிங்கின் அடியில் இரண்டு விரலை வைத்து நேராக்குவார். அவர் விரல் எப்போதும் அங்கேயே இருந்ததால் நான் திருப்பியதில் எவ்வளவு என்னுடையது என்பதில் எனக்கு அப்போதே சந்தேகம்.

ஒருநாள் நீ நெற்றிப் பொட்டை எடுத்து ஸ்டியரிங்கின் உச்சியில் ஒட்டினாய். பொட்டு மேலே இருந்தால் சக்கரம் நேராக இருக்கிறது என்று கணக்கு.

"இன்னாம்மா, வண்டிக்குக் கல்யாணமா?" என்றார் மாஸ்டர்.

"ஆமா மாஸ்டர். மாப்பிள்ளை கிடைக்கல, மேடத்தையே கட்டி வைக்கப்போறேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் பொட்டு உதவியது. அதைப் பார்த்தே இரண்டு தெரு ஓட்டினேன். மூன்றாவது தெருவில் பால் பாக்கெட்டோடு வந்த ஒரு பெண் ஓரமாக ஒதுங்கி, குனிந்து பார்த்து, "மேம்... நீங்களா?" என்றாள். என் வகுப்பில் முதல் வரிசையில் உட்காருபவள். பதற்றத்தில் இன்ஜினை அணைத்துவிட்டேன். நீ பின்சீட்டிலிருந்து தலையை நீட்டினாய். "உங்க மேடமேதாம்மா. இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லு, அவங்களுக்குத் திருப்பத் தெரியாது."

ரயிலில் திரும்பும்போது அம்பத்தூர் வரை உன்னோடு பேசவில்லை. நீயும் கெஞ்சவில்லை. வேர்க்கடலையை உரித்து உரித்து என் கையில் வைத்துக்கொண்டே வந்தாய்.

லைசென்ஸ் இருவருக்கும் வந்தது. நேரான சாலையில் கொஞ்சதூரம் ஓட்டச் சொன்னார்கள், திருப்ப வேண்டிய அவசியமே வரவில்லை. நீ பழைய கார் ஒன்றை வாங்கி முதல் வேலையாகப் பொட்டு ஒட்டினாய். ஒரு ஞாயிறு காலை என்னை இழுத்துப்போய் உட்கார வைத்து, "வெளிய எடு, பூந்தமல்லி வரைக்கும் போய் பிரியாணி வாங்கிட்டு வரலாம்" என்றாய்.

பொட்டு உச்சியில் இருந்தது. நேராக இருக்கிறது என்று நம்பினேன். ஸ்டியரிங்கை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்தியிருந்தாலும் பொட்டு உச்சிக்கே வந்து நிற்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை. ஒரு வட்டத்தைப் பற்றிய இவ்வளவு எளிய விஷயம். இறங்கிக் குனிந்து சக்கரத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இரண்டாம் மாடிக்காரர் காபி டம்ளரோடு நின்றார், எதிர் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் குனிய மனம் வரவில்லை. கிளட்ச்சை விட்டேன். வண்டி நேரே இடப்பக்கத் தூணில் போய் உரசியது.

நீ இறங்கினாய். வண்டியைப் பார்க்கவில்லை. தூணைத் தடவிப் பார்த்துவிட்டு மேலே நிமிர்ந்து, பால்கனிகளுக்கெல்லாம் கேட்கும்படி, "தூணுக்கு ஒண்ணும் ஆகலை" என்றாய்.

எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. நீ அந்தக் கீறலைச் சரிசெய்யவுமில்லை, கதையை விடவுமில்லை. வளைகாப்பிலும் கொலுவிலும் சொன்னாய். ஒவ்வொரு முறையும் நான் புன்னகைத்துக்கொண்டு, காது சூடாக, தரையைப் பார்த்தபடி நின்றேன். உனக்கு வெட்கம் என்பதே கிடையாது என்று நினைத்துக்கொள்வேன். கொஞ்சம் பொறாமையும் உண்டு.

பிறகு ஒருநாள், எதுவும் கேட்காமலேயே, படியேறும்போது சொன்னாய்: "பொட்டெல்லாம் சும்மாடி. நிக்கிற வண்டி எதுவும் சொல்லாது. அரை அடி நகர விடு, எங்க போவுதுன்னு பாரு, அப்புறம் திருப்பு." எனக்காகச் சொன்னாய் என்று தெரிந்தும் தெரியாதவள்போல் கேட்டுக்கொண்டேன். அதற்கடுத்த மாசியில் ஒரு காய்ச்சல், ஒரே வாரம். நான் ஓட்டி நீ பார்க்கவில்லை.

கடைசியாக நீ நிறுத்திய நிலையில்தான் ஸ்டியரிங் இப்போதும் இருக்கிறது. அது நேரா, ஒரு சுற்றுத் தள்ளியா என்று எனக்குத் தெரியாது. இன்றும் நான் இறங்கிக் குனிந்து பார்க்கவில்லை. உன் வீட்டுக்காரருக்கும் இன்னும் பதில் சொல்லவில்லை. டிரைவரைக் கூப்பிடச் சொல்லிவிட்டால் இந்தச் சாவி மறுபடி என்னிடம் வராது. அது மட்டும் தெரிகிறது.

இதற்குமேல் யோசித்து எழுத ஒன்றுமில்லை. மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று நடந்ததை மட்டும் எழுதி நிறுத்துகிறேன்.

காலை ஏழு மணிக்கு நானே இறங்கிப் போனேன். தொட்டி கழுவுகிறவர்கள் வாளியோடு காத்திருந்தார்கள். உன் வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துவைத்தார். மாடிகளில் வழக்கமான ஆட்கள். பொட்டு உச்சியில். அரை அடி நகர விட்டேன். வண்டி தூணுக்குப் போனது. நிறுத்தினேன். நீ ஸ்டியரிங்கை ஒரு சுற்று இடப்பக்கம் விட்டுவைத்திருந்தாய். ஒரு கை இழுக்க, ஒரு கை தள்ள, வலப்பக்கம் ஒரு முழுச் சுற்றுத் திருப்பினேன். பொட்டு மறுபடி உச்சிக்கு வந்தது. இன்னொரு அரை அடி. நேராகப் போனது. தெருவில் கோணலாக நிறுத்திவிட்டு இறங்கியபோது ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது.

"சாயங்காலம் நீங்களே உள்ள விட்டுடுறீங்களா மேடம்?" என்றார் உன் வீட்டுக்காரர்.

"எனக்கு ரிவர்ஸ் வராது" என்றேன். மாடிக்குக் கேட்டிருக்கும்.

வாட்ச்மேன் கேட்டைச் சாத்திக்கொண்டே சொன்னார்: "அந்த அம்மாக்கு மட்டும் வந்துச்சா இன்னா? தெருவுலயே வண்டிய நிறுத்திகினு குந்தினு இருப்பாங்க. பால்கனில அல்லாரும் உள்ள போனப்புறம், நான் கை காட்டுனாதான் எடுப்பாங்க. யார்கிட்டயும் சொல்லாதன்னுவாங்க."

உன் வீட்டுக்காரர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

மாலையில் விளக்கு போடுவதற்கு முன்பே வண்டியை எடுத்தேன். இரண்டாம் மாடிக்காரர் காபியோடு வந்து நின்றார். வாட்ச்மேன் பின்னால் நின்று, "வா, வா, லெப்டுல ஒடி, இன்னும் ஒடி" என்றார். மூன்று தடவை முன்னும் பின்னும் போனேன். நான்காவது தடவை பழைய கீறல் இருந்த பக்கமே தூணில் உரசியது. மாடிகளில் பேச்சு நின்றது. காது சூடானது.

இறங்கி, எல்லோரும் பார்க்கக் குனிந்து, சக்கரத்தையும் தூணையும் பார்த்தேன். நிமிர்ந்து, "தூணுக்கு ஒண்ணும் ஆகலை" என்றேன்.